வெள்ளையனுக்குக் காதுலதான் கோளாறு

உட்காருங்க, உட்காருங்க, இடம் இருக்குது. அந்தக் கூடையை மட்டும் சித்தெ அந்தப் பக்கமா வெச்சுக்கிட்டீங்கன்னா நல்லதுங்க. தப்பா நினைக்காதீங்க, பூனைமேல எனக்கு ஒரு விரோதமும் கிடையாது. காலையில ஒரு காரியமா கிளம்பி வந்த இடத்துல மூஞ்சிக்கு நேரா பூனை உட்கார்ந்திருந்தா மனசுக்கு ஒரு மாதிரி இருக்கும், அவ்வளவுதான். இப்பல்லாம் எனக்கு எதைப் பார்த்தாலும் ஒரு மாதிரியாத்தான் இருக்குது.

என்னங்க பூனைக்கு? வயித்தால போகுதா. பால் குடுத்தீங்களா? குடுக்கக் கூடாதுன்னு இந்த டாக்டரம்மா சொன்னாங்களா? கேட்டுக்கங்க. பூனைக்குப் பால் ஆகாதாம். அப்புறம் காப்பித் தண்ணியா வெச்சுக் குடுக்கறது? அந்தம்மா அப்படித்தானுங்க. நம்ம பாட்டன் பூட்டன் காலத்துல இருந்து ஊருக்கே தெரிஞ்ச விசயத்தை ஒரே வார்த்தையில இல்லைன்னு சொல்லிடுவாங்க. எங்க குடும்பத்துக்கே அந்தம்மாவால பெரிய தலைக்குனிவு. சொன்னா நம்ப மாட்டீங்க.

இவன் பேரு வெள்ளையன். கடிக்க மாட்டான், பயப்படாதீங்க. இவனுக்குக் காதுங்க. காதுலதான் கோளாறு, வேற ஒண்ணும் கிடையாது. உள்ள சீட்டு எழுதற அம்மாகிட்டயும் காதுன்னுதான் எழுதச் சொன்னேன். டாக்டர் நாயைப் பார்க்காமயே எப்படிக் காதுன்னு சொல்றீங்கன்னு கேட்குது. எனக்குத் தெரியாதா?

என் பேரு தெய்வசிகாமணிங்க. காங்கயம் ரோட்டுல தோட்டம், தென்னை, மாடு கன்னு எல்லாம் இருக்குது. எங்க அய்யன், அப்பாவை நாங்க அய்யன்னுதான் கூப்பிடுவோம், எங்கூடத்தான் இருக்காரு. எண்பதைத் தாண்டியாச்சு. மாசி மாசத்துல அவருக்குக் காய்ச்சல் வந்துச்சு. அதுவரைக்கும் தென்னைக்குத் தண்ணி கட்டிக்கிட்டு, மாட்டைப் புடிச்சுக் கட்டிக்கிட்டு இருந்த மனுசன், படுத்தவரு எந்திரிக்கலை. சோறு இறங்கலை. பேச்சும் கொழகொழன்னு ஆயிருச்சு. பக்கத்து ஊர் டாக்டர்கிட்டக் காட்டுனேன். காட்டலைன்னு யாரும் என்னைச் சொல்ல முடியாது. அவரு ஒரு ஊசியைப் போட்டுட்டு, ரத்தம் எடுத்துப் பார்க்கணும், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருங்கன்னு சொன்னாரு. போறதாத்தான் இருந்துச்சு. காருகூடச் சொல்லியாச்சு. அன்னைக்குப் பொழுது சாயற நேரத்துல இவன் ஊளையிட்டுட்டான்.

சும்மா ஊளை இல்லைங்க. வாசல்ல வந்து நின்னுக்கிட்டு, தலையை ஒருச்சாய்ச்சு வெச்சுக்கிட்டு, அய்யன் படுத்திருந்த முன்கூடத்து ஆசாரத்தைப் பார்த்து ஊளையிட்டான். பக்கத்துத் தோட்டத்து மருதாசலம் வேலிக்கு அந்தப் பக்கமா நின்னு கேட்டுட்டு இருந்தான். ரோட்டைப் பார்த்து ஊளையிட்டா ஊர்ல யாருக்கோ, வீட்டைப் பார்த்து ஊளையிட்டா வீட்டுல யாருக்கோன்னு சொன்னான். மறு நாள் அதே நேரம், மறுபடியும் ஊளை. அதுக்கு அடுத்த நாளும் ஊளை.

எமன் வர்றது மனுசன் கண்ணுக்குத் தெரியாது, நாய் கண்ணுக்குத் தெரியும். இது நான் சொல்றது இல்லைங்க, ஊரே சொல்லுது. வந்து வாசல்ல நிக்கறவனை ரத்தம் எடுத்துக் காட்டித் திருப்பி அனுப்ப முடியுமா? போற உசிரை ஊசியால குத்தி வதைக்க எனக்கு மனசு வரலை. பெத்த அப்பன்மேல எனக்குப் பாசம் சித்தெ அதிகம். காரை வேண்டாம்னு சொல்லிட்டேன்.

தம்பி கந்தவேலு மஸ்கட்டுல இருக்கான். தங்கச்சி ரங்கநாயகியைத் தாராபுரத்துல குடுத்திருக்குது. அய்யனுக்குக் காய்ச்சல்னு முன்னாடியே போன்ல சொல்லியிருந்தேன். அப்போ ஹார்லிக்ஸ் வாங்கிக் குடுங்கன்னு சொன்னவன், நாய் ஊளையிடுதுன்னதும் அன்னைக்கே டிக்கெட் போட்டுட்டான். பார்த்தீங்களா, எங்க போனாலும் ரத்த பாசம் விட்டுப்போகாது. தங்கச்சி புருசன், புள்ளைகளோட வந்துட்டா. மாமன் வீட்டுச் சனம் கோடித்துணி எடுத்துக்கிட்டே வந்துட்டாங்க. இருக்கறப்பவே கோடி கொண்டாந்தது சித்தெ அவசரம்தான், நான் இல்லைங்கலை. ஆனா அவங்க இருக்கறது பழனிக்கு அக்கட்ட, ரெண்டு தடவை அலைய முடியுமா?

வந்தவங்க ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னாங்க. அய்யனுக்கு இல்லைங்க, நாய்க்கு. செருப்பைக் கவுத்துப் போட்டா ஊளை நிக்கும்னாங்க. அத்தனை சனத்து செருப்பையும் வாசல்ல கவுத்துப் போட்டோம். அவன் ஒவ்வொண்ணையா மோந்து பார்த்துட்டு ஊளையிட்டான். மொளகாயைச் சுத்திப் போட்டோம். ஈரத் துண்டால ரெண்டு போட்டும் பார்த்தோம். ரங்கநாயகி வந்து, பைரவரை அடிக்கலாமான்னு எங்களைச் சத்தம் போட்டுட்டு, நெத்தியில பொட்டு வெச்சு வடை குடுத்தா. வடையை மெல்ல முடியாம கீழ போட்டான். கண்ணுல தண்ணி வேற வடிஞ்சுது. வாயில்லா ஜீவன், பெரியவருக்காக அழுவுதுன்னு சொல்லி அவளும் அழுதா.

அய்யன் மட்டும் படுத்துக்கிட்டே வேற ஒரு பேச்சுப் பேசுனாருங்க. மத்த பேச்செல்லாம் கொழகொழன்னு இருக்கும், இது மட்டும் தெளிவா வரும். "டேய் சிகாமணி, நாய்க்குக் காதுல நோவுடா. தலையைச் சாய்ச்சு உதறுது பாரு. டாக்டரம்மாகிட்டக் காட்டு." தெனமும் இதே பாட்டுத்தான். எமன் வந்து நிக்கறான், இவரு நாய் காதைப் பத்திப் பேசறாரு. புத்தி தடுமாறிப்போச்சுன்னு எல்லாருக்கும் அதுல இருந்துதான் உறுதியாச்சு. நானும் சரிங்கய்யா, காட்டறேனுங்கய்யான்னு தலையாட்டி வெச்சேன். சாகப்போறவங்க மனசைப் புண்படுத்தக் கூடாது.

மத்த ஏற்பாட்டுல நான் ஒரு குறை வெக்கலைங்க. பந்தக்காரன்கிட்டச் சொல்லி வெச்சேன். ஐஸ் பெட்டிக்குச் சொல்லி வெச்சேன். கண்ணீர் அஞ்சலி பிளக்ஸுக்கு டவுன்ல கடையில போட்டோ குடுத்து, தேதியை மட்டும் விட்டுட்டு மத்ததையெல்லாம் தயார் பண்ணச் சொல்லிட்டேன். கடைசி நேரத்துல குடுத்தா பேரைத் தப்பாப் போட்டுருவானுக. அதுலதான் ஒரு மனஸ்தாபம். பேரு வரிசையில ரங்கநாயகி புருசன் பேரு கந்தவேலு பேருக்குக் கீழ வந்துருச்சு. வீட்டு மாப்பிள்ளைக்கு இதுதான் மரியாதையான்னு அவரு குதிக்க, மஸ்கட்டுல இருந்து எவ்வளவு தூரம் வந்திருக்கேன்னு தம்பி குதிக்க, அய்யன் கட்டிலுக்குப் பக்கத்துலயே பெரிய பஞ்சாயத்து. அய்யன் எல்லாத்தையும் கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டுட்டு இருந்தாரு. அவருக்கு எங்க புரியப்போகுதுன்னு நாங்க பேசிட்டு இருந்தோம்.

நாள் போகுது, அய்யன் போகலை. கந்தவேலு லீவு முடியப்போகுதுன்னு தவிக்கறான். மாமன் வீட்டுக்காரங்களுக்குச் சோளம் அறுவடைக்கு நிக்குது. உசிரு எதுக்கோ இழுத்துக்கிட்டு நிக்குதுன்னு ஒரு பெரியம்மா சொன்னாங்க. உங்க பக்கமும் இந்த வழக்கம் இருக்குமே. மண்ணாசையில இழுக்குதுன்னா அவரு காட்டு மண்ணைத் தண்ணியில கரைச்சு ஊத்தறது, பொன்னாசைன்னா தங்கத்தை உரசி ஊத்தறது. ரெண்டும் பண்ணிரலாம், எதுக்குச் சந்தேகம்னு முடிவாச்சு. நானே போய் கிணத்து மேட்டு மண்ணை எடுத்தாந்தேன். ரங்கநாயகி அவ வளையலை உரசுனா. தலைமாட்டுல எல்லாரும் சுத்தி நின்னுக்கிட்டு, நான் தலையைத் தூக்கிப் புடிச்சு ஊத்துனேன். அய்யன் ஒரு வாய் குடிச்சுட்டு மூஞ்சியைச் சுளிச்சாருங்க. "கஞ்சியில உப்புப் போட்டுக் குடுங்கடான்னு கேட்டா மண்ணை ஊத்தறீங்க"ன்னாரு. கஞ்சி கேட்டது எங்களுக்கு ஞாபகமே இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் இந்த டாக்டரம்மா வந்தாங்க. ஜெசிந்தான்னு பேரு, நாகர்கோவில் பக்கத்து அம்மா. எங்க தோட்டத்து மாடுகளுக்குக் கோமாரி ஊசி போட வந்தவங்க. கட்டுத்தரையில மாட்டைப் பார்த்தமா, ஊசியைப் போட்டமா, போனமான்னு இருக்கணுமா இல்லையா? இவன் தலையைச் சாய்ச்சுக்கிட்டு நின்னதைப் பார்த்துட்டு, இவனுக்கு என்ன, எத்தனை நாளா இப்படி இருக்கான்னு கேட்டாங்க. நான் விசயத்தைச் சொன்னேன். இவனுக்கு ஒண்ணும் இல்லைங்க அம்மா, எமனைப் பார்க்கறான்னு சொன்னேன். சிரிச்சிருந்தாக்கூடப் பரவாயில்லை. சிரிக்காம டார்ச்சை எடுத்து இவன் காதுக்குள்ள அடிச்சுப் பார்த்தாங்க. கந்தவேலு இவன் வாயைப் புடிச்சுக்க, இடுக்கியை உள்ள விட்டு ஒரு ஒட்டுப்புல்லு முள்ளை இழுத்து வெளிய போட்டாங்க. கூடவே சீழும் வந்துச்சு. சொட்டு மருந்து ஊத்துனாங்க. பொழுது சாயறப்ப மில்லுச் சங்கு ஊதும்ல, புண்ணான காதுக்குள்ள அந்தச் சத்தம் போனா ஊளையிடாம என்ன பண்ணும்னு கேட்டாங்க. அந்த மில்லுச் சங்கு நான் பொறந்ததுல இருந்து ஊதுதுங்க. அதை எவன் கவனிக்கறான்?

காதைப் பார்த்தாச்சு, நன்றி, காப்பித்தண்ணி குடிச்சுட்டுப் போங்கன்னு சொன்னேன். மரியாதைக்குச் சொன்னது. அந்தம்மா கை கழுவ வந்தவங்க ஆசாரத்துல அய்யனைப் பார்த்துட்டாங்க. வாயோரத்துல மண்ணு வேற ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. பக்கத்துல உட்கார்ந்து நெத்தியைத் தொட்டுப் பார்த்தாங்க, கையைப் புடிச்சுப் பார்த்தாங்க. அய்யன் கண்ணைத் தொறந்து, நாய்க்குக் காது பார்த்தீங்களா அம்முணின்னு கேட்டாரு. பார்த்துட்டேன் அய்யா, முள்ளு இருந்துச்சு, எடுத்துட்டேன்னு சொன்னாங்க. அய்யன் எங்க எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தாருங்க.

இவரை ஏன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலைன்னு அந்தம்மா என்னைக் கேட்டாங்க. அத்தனை சனத்துக்கு முன்னாடி. நான் பொறுமையாத்தான் சொன்னேன், அம்மா நீங்க மாட்டு டாக்டர், மனுசங்க விசயத்துல தலையிடாதீங்கன்னு. அதுக்கு அந்தம்மா சொன்ன வார்த்தையை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். "மாட்டு டாக்டர்தான். காய்ச்சல்ல கெடக்கிற மாட்டைக்கூட இந்த ஊர்ல யாரும் இப்படிப் போட்டு வெச்சு நான் பார்த்ததில்லை."

சொல்லிட்டு அவங்களே போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுட்டாங்க. நியாயமா? ஐஸ் பெட்டி வர வேண்டிய வீட்டுக்கு ஆம்புலன்ஸ் வருது. ஊரே வேலியோரம் நின்னு வேடிக்கை பார்க்குது. ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்துப் பார்த்துட்டு, மூத்திரத்துல கிருமியாம், உடம்புல உப்பு கொறைஞ்சு போச்சாம், அதனாலதான் பேச்சு கொழகொழன்னு இருந்துச்சாம். உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு கேள்விப்பட்டிருக்கேன், உப்பில்லா மனுசன் கட்டிலிலேன்னு இப்பத்தான் கேள்விப்படறேன். மருந்து ஏத்துனாங்க. அந்த வாரத்துக்குள்ள எந்திரிச்சு உட்கார்ந்துட்டாரு.

எங்க நெலைமையைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. கந்தவேலு, ஒரு வருசத்து லீவு பூராவும் போச்சுன்னு சொல்லிக்கிட்டே விமானம் ஏறுனான். மாமன் வீட்டுக்காரங்க கோடித்துணியை என்ன பண்றதுன்னு என்னையவே கேட்கறாங்க. மாப்பிள்ளை இன்னும் பேச மாட்டேங்கறாரு. ஊர்ல மருதாசலம் இருக்கானே, ஊளைக்கு அர்த்தம் சொன்னவனே அவன்தான், இப்போ டீக்கடையில உட்கார்ந்துக்கிட்டு, படிச்ச மனுசன் சிகாமணி நாய் பேச்சைக் கேட்டுட்டுப் பெத்தவனை சாகவிடப் பார்த்தான்னு சொல்றானாம். நான் யாரையுங்க சாகவிட்டேன்? நடக்கறது நல்லபடியா நடக்கட்டும்னு கூட நின்னேன். அது ஒரு தப்பா?

இதுல எனக்குப் பொறுக்க முடியாதது எதுன்னா, அய்யன் எங்களை ஒரு வார்த்தை திட்டலைங்க. வீட்டுக்கு வந்து இறங்குனவரு, வெள்ளையன் எங்கன்னு கேட்டாரு. அவன் ஓடி வந்து கால்ல விழுந்து பொரண்டான். காதைத் தூக்கிப் பார்த்தாரு. நல்லாருக்குதுன்னு சொல்லிட்டுக் கட்டில்ல உட்கார்ந்தாரு. என்னைப் பார்த்து, மாட்டுக்குத் தண்ணி காட்டுனியான்னு கேட்டாரு. அவ்வளவுதான். திட்டியிருந்தா நானும் நாலு வார்த்தை பதிலுக்குப் பேசியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். இப்பவும் தெனமும் எங்கூட உட்கார்ந்துதான் சாப்பிடறாரு. கஞ்சியில உப்பு இருக்குதான்னு எங்கூட்டுக்காரியை ஒரு தடவை கேட்டுட்டுத்தான் வாயில வெக்கறாரு. அப்பெல்லாம் எனக்குச் சோறு இறங்காது.

இப்போ எதுக்கு இவனைக் கூட்டிட்டு வந்திருக்கீங்கன்னா கேட்கறீங்க? அதாங்க சொன்னேனே, காது.

போன வாரத்துல இருந்து மறுபடியும் ஊளையிடறான். பொழுது சாயற நேரம்தான். அய்யன் கட்டில் பக்கமே போறது இல்லை. என் கட்டில் பக்கத்துல வந்து, என் மூஞ்சியைப் பார்த்து ஊளையிடறான்.

அப்படிப் பார்க்காதீங்க. அது வேற, இது வேற. எண்பது வயசு மனுசனைப் பார்த்து ஊளையிட்டா சகுனம்னு நினைக்கறதுல ஒரு நியாயம் இருக்குது. எனக்கு என்ன வயசு ஆகுது? என்னைப் பார்த்து ஊளையிட்டா அது காதுங்க. கால் வீங்குதுன்னு எங்கூட்டுக்காரி சொல்றா. யாருக்குத்தான் வீங்கலை? கிணத்து மேட்டுக்கு ஏறுனா மூச்சு வாங்குது, வயசானா வாங்கத்தான் செய்யும். ஆனா வீட்டுல யாரும் முன்னே மாதிரி இல்லைங்க. எங்கூட்டுக்காரி கல்யாணத்துக்கு அப்புறம் இப்பத்தான் என்கிட்ட இவ்வளவு மெதுவாப் பேசறா. பெங்களூர்ல இருக்கிற என் மகன், பொங்கலுக்கு வாடான்னா வேலைன்னு சொன்னவன், நேத்து அவனாப் போன் பண்ணி, அப்பா நாய் வீட்டைப் பார்த்து ஊளையிடுதா, ரோட்டைப் பார்த்து ஊளையிடுதான்னு கேட்கறான். வெள்ளிக்கிழமை வர்றானாம். எதுக்குடா வர்றேன்னு கேட்டேன், சும்மாதான்னு சொன்னான். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம்னு வீட்டுல ஒருத்தர் வாயில இருந்து வரலைங்க. ஒருத்தர்கூடச் சொல்லலை.

அய்யன்தான் சொன்னாரு. காலையில காப்பி குடிச்சுட்டு இருந்தேன். பக்கத்துல வந்து உட்கார்ந்தாரு. குனிஞ்சு என் காலை வெரலால அமுக்கிப் பார்த்தாரு. அமுக்குன இடம் குழியாவே நின்னுச்சு. "கிளம்புடா. நாயை டாக்டரம்மாகிட்டக் காட்டிட்டு அப்படியே உன்னையும் ஆஸ்பத்திரியில காட்டிட்டு வந்துரலாம். நான் கூட வர்றேன்"னாரு. எனக்கு ஒண்ணும் இல்லைங்கய்யான்னேன். ஒண்ணும் இல்லைன்னா அதையும் டாக்டரே சொல்லட்டும்னு சட்டையை எடுத்துக் குடுத்தாரு. சின்ன வயசுல பள்ளிக்கூடம் போக அழுதா இப்படித்தான் எடுத்துக் குடுப்பாரு.

அதோ, கேட்டுக்கு வெளிய ஆட்டோவுல உட்கார்ந்திருக்காரு பாருங்க, வெள்ளைத் துண்டு. இந்த பெஞ்சுல உட்கார்ந்தா அவருக்கு முதுகு வலிக்கும். இது முடிஞ்சதும் என்னைக் கூட்டிட்டுப் போறாராம். பெரியவர் மனசு நோகக் கூடாதுன்னுதான் வந்தேன். எனக்கு ஒண்ணும் இல்லை. நீங்களே சொல்லுங்க, பார்த்தா நோயாளி மாதிரியா இருக்கேன்?

ஏனுங்க என் காலையே பார்க்கறீங்க?

சரி, கூப்பிடறாங்க. வெள்ளையா, எந்திரிடா. நீங்க கும்பிடற சாமிகிட்ட எனக்காக ஒரு வார்த்தை வேண்டிக்குங்க. போன தடவை மாதிரி ஒரு முள்ளு, இல்லாட்டி ஒரு சின்னப் புண்ணு, எதுவா இருந்தாலும் சரி, இவன் காதுக்குள்ள இருக்கணுங்க. காது சுத்தமா இருக்குதுன்னு மட்டும் அந்தம்மா சொல்லிடக் கூடாது.